ஆம்ப்ளிஃபையரை மாற்றியும் தீராத கோளாறு: ஒரு படகின் ஒலியமைப்பு நிகழ்வு ஆய்வு

ஏழு மீட்டர் நீளமுள்ள திறந்த ஃபைபர் படகு. பின்னால் ஒரு பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின், நடுவில் ஸ்டியரிங் கன்சோல். கன்சோலில் ஹெட் யூனிட் (பாட்டை இயக்கும் பெட்டி), சோனார் (நீரின் ஆழம் காட்டும் கருவி), வி.எச்.எஃப். ரேடியோ (கடலில் பேசிக்கொள்ளும் ரேடியோ) மூன்றும் அருகருகே இருக்கின்றன. அணியத்தில் (படகின் முன்புறம்) இரண்டு, அமரத்தில் (பின்புறம்) நான்கு என ஆறு 6.5 அங்குல ஸ்பீக்கர்கள்; கன்சோலின் கீழ்ப்பகுதியில் ஒரு 10 அங்குல சப்வூஃபர். எல்லாமே 4 ஓம். இவற்றை இயக்குவது ஐந்து சேனல் கொண்ட கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் ஒன்று. பேட்டரியும் ஒன்றுதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்வது, விளக்கு, பாட்டு எல்லாம் அதன் தலையில்.

புகார்கள் ஐந்து. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒலியைக் கூட்டினால், கனமான பாஸ் அடி விழும்போதெல்லாம் ஆம்ப் அணைந்து இரண்டு வினாடி கழித்து உயிர்பெறும். எஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். எஞ்சின் வேகம் கூடினால் அதன் சுருதியும் கூடும். பாஸுக்கு ஏற்ப விளக்குகள் மினுங்கும், சில வேளைகளில் சோனார் தானாக மறுபடி தொடங்கும். இரண்டு நாள் படகைச் சும்மா கட்டிப்போட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஐந்தாவது புகாரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: பாட்டு ஓடும்போது ரேடியோவில் இரைச்சல். பாதுகாப்பைக் கணக்கில் எடுத்தால் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஆய்வுக்கு முன்பே ஆம்ப் பழுது என்று முடிவுகட்டி அதே மாடலில் புதியதைப் பொருத்தியிருந்தார்கள். ஐந்து கோளாறுகளும் அப்படியே நீடித்தன. கழற்றி வைத்த பழைய ஆம்பை மேசையில் நல்ல பேட்டரியோடு குட்டையான தடித்த கேபிளில் இணைத்துப் பார்த்தால் குறையில்லாமல் பாடியது.

அளந்து பார்த்தபோது

பாட்டை ஓடவிட்டு மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பாஸ் அடி வந்து போகும் வேகத்துக்கு மீட்டர் ஈடுகொடுக்காது. அதனால் ஆம்பின் வடிகட்டிகளை (சுருதிக்கேற்ப ஒலியைப் பிரிப்பவை) திறந்தே விட்டு, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை மூன்று வினாடிகள் மட்டும் கொடுத்து அளவெடுக்கப்பட்டது. அதைவிட நீட்டினால் ஸ்பீக்கரின் சுருள் சூடாகிவிடும். நேர்திசை மின்னோட்டம் (டி.சி.) அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஆம்பின் சிவப்புக் கேபிளில் மாட்டப்பட்டது. எஞ்சின் ஓடவில்லை.

ஆம்ப் அணையும் விளிம்பில் கிடைத்த அளவுகள்: மின்னோட்டம் 38 ஆம்பியர். பேட்டரியின் முனைகளில் 11.9 வோல்ட், ஆம்பின் முனைகளில் 10.0 வோல்ட். நடுவில் 1.9 வோல்ட் காணாமல் போயிருந்தது. இந்த ஆம்ப் ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும் வகை. ஆக, அது ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது.

அடுத்த கேள்வி, அந்த 1.9 வோல்ட் எங்கே போயிற்று என்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஆம்ப் பாசிட்டிவிலும் வைத்து அதே ஒலியைக் கொடுத்தால் 0.9 வோல்ட். நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு 1.0 வோல்ட். பெரும்பாலானவர்கள் முதல் அளவோடு நிறுத்திவிட்டு சிவப்புக் கேபிளை மட்டும் மாற்றுவார்கள். பாதிக்கு மேல் நஷ்டம் கறுப்புப் பக்கத்தில் இருப்பது தெரியாமலே போய்விடும்.

சிவப்புப் பக்கம்: 8 சதுர மி.மீ. கேபிள், 4.5 மீட்டர் நீளம். உறையைச் சீவி ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் மறைந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கார் ஆடியோ கிட்டுகளில் தாராளமாக வரும் சரக்கு. அதே தடிமனில் சுத்தச் செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்தடை கொண்டது. உப்புக்காற்றில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் வெட்டிய முனையிலிருந்தே அரிப்பு தொடங்கும். (வெள்ளீயம் பூசிய நல்ல கேபிளும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும்; அதைச் சுரண்டினால் உள்ளே சிவக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) இந்தக் கேபிளில் 0.55 வோல்ட் போயிற்று. மீதி 0.35 வோல்ட், கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் மாட்டிய பிளாஸ்டிக் கூட்டில். திறந்தபோது உள்ளே பச்சை பூத்திருந்தது, பிளாஸ்டிக் ஒரு பக்கம் உருகியிருந்தது.

அந்த ஃபியூஸ் இருந்த இடம் அதைவிடப் பெரிய பிழை. ஆம்புக்கு அரை மீட்டர் தள்ளி மாட்டியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து அங்குவரை நான்கு மீட்டர் கேபிள் எந்தக் காவலும் இல்லாமல் பெட்ரோல் டாங்க் ஓரமாகப் போயிற்று. வழியில் எங்காவது உறை தேய்ந்து நெகட்டிவைத் தொட்டால், பேட்டரி தன்னால் முடிந்த அளவு ஆம்பியரைக் கொட்டும். கேபிள்தான் ஃபியூஸாக எரியும். ஃபியூஸ் காப்பது கேபிளை. ஆம்புக்கு அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ்கள் இருக்கின்றன.

கறுப்புப் பக்கம் இதைவிட மோசம். காரில் ஆம்பின் நெகட்டிவை அரை மீட்டர் ஒயரில் பக்கத்து இரும்புத் தகட்டில் முடுக்கிவிடலாம். வண்டியின் உடம்பே பெரிய கேபிளாக வேலை செய்யும். ஃபைபர் படகில் அப்படி ஓர் உடம்பே கிடையாது. அலுமினியப் படகில் உண்டு, ஆனால் அதைத் தொடவே கூடாது: அடித்தட்டின் வழியாக மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் கசிவு மின்னோட்டம் தகட்டை அரித்துத் துளையிடும். காரில் பழகிய கை இங்கே 'பக்கத்தில் ஒரு எர்த்' தேடியிருக்கிறது. கிடைத்தது கன்சோலின் ஸ்விட்ச் பேனலில் இருந்த நெகட்டிவ் பட்டை. ஆம்பிலிருந்து அதற்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் 60 செ.மீ.; அங்கிருந்து பேட்டரிக்கு விளக்குகளுக்காகப் போட்ட 6 சதுர மி.மீ. ஒயர் 4.5 மீட்டர். 38 ஆம்பியர் இந்த வழியில் திரும்பும்போது பேனல் பட்டை ஏறக்குறைய 0.8 வோல்ட் மேலே ஏறுகிறது. அதே பட்டையில் தொங்கும் விளக்குகள் மினுங்கியதும், பேட்டரி களைத்திருக்கும் நேரத்தில் சோனார் விழுந்து எழுந்ததும் இதனால்தான்.

மூன்றாவது புகாருக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதின் பாதியும் இங்கேதான். ஹெட் யூனிட்டின் நெகட்டிவை யாரோ முன்பே, சத்தத்தைக் குறைக்க என்று, தனி ஒயர் போட்டு நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஹெட் யூனிட்டின் பூஜ்ய வோல்ட் ஓரிடம், ஆம்பின் பூஜ்ய வோல்ட் வேறிடம். இரண்டையும் இணைத்துப் பாட்டின் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிவலை வழியாக அந்த வித்தியாசம் ஓடும். எஞ்சினின் சார்ஜிங் அலையும் அதில் ஏறிவரும். ஆம்பில் ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கினால் சத்தம் உடனே நின்றது. சத்தம் ஆம்புக்குள் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறது என்பதற்கு அது போதும்.

பேட்டரி இறங்கியதற்குக் காரணம் ஒரு நீல ஒயர். ஆம்பை எழுப்பும் ரிமோட் ஒயரை ஹெட் யூனிட்டுக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, ஆம்பின் பாசிட்டிவ் முனையிலேயே பாலம் போட்டிருந்தார்கள். ஆம்ப் இரவும் பகலும் விழித்திருந்தது. பாட்டு இல்லாமல் அது இழுத்தது 1.5 ஆம்பியர், ஒரு நாளைக்கு 36 ஆம்பியர்-மணி. 80 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இரண்டு நாள் தாங்குவதே அதிகம்.

கேபிள் கணக்கு

ஆம்பின் விவரத்தாளில் 4 ஓமில் சேனலுக்கு 75 வாட், 2 ஓமில் 110 வாட், சப்வூஃபர் சேனலில் 4 ஓமுக்கு 250 வாட். அணியத்து ஸ்பீக்கர்கள் சேனலுக்கு ஒன்று. அமரத்தில் சேனலுக்கு இரண்டு இணையாக, அதாவது 2 ஓம். மொத்தம் 150 + 220 + 250 = 620 வாட். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'மேக்ஸ்' எண்ணைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

இந்த 620 வாட்டும் 14.4 வோல்ட்டில், அதாவது எஞ்சின் நன்றாகச் சார்ஜ் ஏற்றும்போது. கிளாஸ் டி ஆம்பின் செயல்திறனை 80 விழுக்காடு என்று வைத்தால் உள்ளே போவது 775 வாட், 54 ஆம்பியர். உடம்பிலுள்ள ஃபியூஸ்கள் இரண்டு 30 ஆம்பியர். கேபிளுக்கு 60 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

மின்னழுத்த இறக்கம் 12 வோல்ட்டில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 0.36 வோல்ட். தூரத்தைக் கணக்கிடும்போது போகவரச் சேர்க்க வேண்டும்: 4.5 மீட்டர் இருமுறை, 9 மீட்டர். செம்பின் தடைமை 0.0175 (மீட்டருக்கு, ஒரு சதுர மி.மீ. பரப்பில், ஓம்). 0.0175 × 9 × 60 ÷ 0.36 = 26.25 சதுர மி.மீ. கடையில் கிடைக்கும் அளவுகளில் 25 சற்றுக் குறைவு, அடுத்தது 35. இரு பக்கமும் 35 சதுர மி.மீ., வெள்ளீயம் பூசிய, மெல்லிய இழைகள் நிறைந்த கடல்தரக் கேபிள். ஒற்றைக் கம்பி ஒயருக்குப் படகில் இடமே இல்லை, அதிர்வில் ஒடியும்.

இசையில் சராசரி மின்னோட்டம் இதைவிட மிகக் குறைவு, 15 ஆம்பியர் அளவில்தான் நிற்கும். அப்படியானால் ஏன் இவ்வளவு தடித்த கேபிள் என்ற கேள்வி எப்போதும் வரும். சராசரி முடிவு செய்வது பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை. ஆம்ப் அணைவதை முடிவு செய்வது அந்தக் கணநேர உச்சம்.

இன்னொரு கணக்கும் படகு வைத்திருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியது. சீர்படுத்தப்படாத மின்வழங்கி (பேட்டரியின் வோல்ட் இறங்கினால் தானும் இறங்குவது) உள்ள ஆம்பில் வெளிவரும் வாட், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு இறங்கும். ஆம்பின் முனையில் 12 வோல்ட் இருந்தால் 620 வாட், 430 வாட்டாகிவிடும். 10 வோல்ட்டில் 300. நங்கூரம் போட்டுப் பாட்டுக் கேட்பவர் காசு கொடுத்து வாங்கிய வாட்டில் பாதியை இறங்கிய மின்னழுத்தத்துக்கே தாரைவார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பேட்டரி

ஸ்டார்ட் பேட்டரியைப் பாட்டுக்குப் பயன்படுத்துவது கரையில் வேடிக்கை, நடுக்கடலில் ஆபத்து. 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் வகை) ஒன்று தனியாகச் சேர்க்கப்பட்டது. பாதிவரை இறக்கலாம் என்று வைத்தால் 50 ஆம்பியர்-மணி; சராசரி 15 ஆம்பியருக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

கன்சோலுக்குள் இடம் இருந்திருந்தால் இந்தப் பேட்டரியை ஆம்புக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் முதல் தேர்வு. கேபிள் ஒரு மீட்டராகச் சுருங்கும், 16 சதுர மி.மீ. தாராளம். இந்தப் படகில் அமரத்தில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் பார்த்து இணைக்கும் ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்). ஸ்டார்ட் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். அதற்குப் போகும் கேபிளின் இரு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட நினைப்பவர்களுக்கு இந்த ரிலே சரிவராது: அந்த வகை பேட்டரி ஓய்வில் இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும், ரிலே பிரியவே பிரியாமல் போகலாம். அங்கே ஒரு பேட்டரியிலிருந்து மின்னழுத்தத்தை மாற்றி இன்னொன்றுக்கு ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் வழி.

அவுட்போர்டு எஞ்சினின் சார்ஜிங் திறன் விவரத்தாளில் போட்டிருக்கும் எண் உயர்ந்த வேகத்துக்கானது. ஐடிலில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். 'எஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி ஏறிக்கொண்டே இருக்கும்' என்று நம்பி மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாட்டுப் போட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

புதிய ஒயரிங்

வேலை தொடங்கும்போது முதலில் கழற்றியது நெகட்டிவ், கடைசியில் மாட்டியதும் நெகட்டிவ்.

ஃபியூஸ் 80 ஆம்பியர், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே நேராக உட்காரும் வகை. அமெரிக்கப் படகுத் தரமான ஏ.பி.ஒய்.சி. இ-11, மின்மூலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்கிறது. கேபிள் முழுவதும் உறைக்குள் போனால் கூடுதல் தூரத்துக்குச் சலுகை உண்டு. முனையிலேயே மாட்டினால் அந்த விவாதமே எழாது. பெட்ரோல் படகில் இன்னொரு நிபந்தனை: பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய இடத்தில் இருக்கும் ஃபியூஸ், ஸ்விட்ச், ரிலே எல்லாம் தீப்பொறி வெளிவராத தரம் பெற்றிருக்க வேண்டும் (ஐ.எஸ்.ஓ. 8846 அல்லது எஸ்.ஏ.இ. ஜே1171 என்று பொருளின்மேல் எழுதியிருக்கும்). கார் கடையில் வாங்கும் பிரேக்கரில் அது இருக்காது.

ஃபியூஸை அடுத்து தனி பேட்டரி ஸ்விட்ச், அதிலிருந்து 35 சதுர மி.மீ. கேபிள் கன்சோலுக்கு. படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் தானியங்கி இணைப்பு மட்டும் இந்த ஸ்விட்சைத் தொடாமல், தன் சிறு ஃபியூஸோடு நேராகப் பேட்டரியிலிருந்து. ஸ்விட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனவரின் படகில் தண்ணீர் ஏறக் கூடாது.

ஆம்பின் முனைத்துளை 25 சதுர மி.மீ. கேபிளுக்கு மேல் வாங்காது. இழைகளை வெட்டி மெலிதாக்கித் திணிப்பது வழக்கமாக நடக்கும் அக்கிரமம். வெட்டிய இடம்தான் சூடாகும். கன்சோலுக்குள் பாசிட்டிவுக்கு ஒரு ஸ்டட் (கேபிள்களை முடுக்கும் திருகுத்தண்டு), நெகட்டிவுக்கு ஒரு பஸ்பார் (பல ஒயர்கள் சேரும் உலோகப் பட்டை) வைத்து 35 சதுர மி.மீ. அங்கே முடிந்தது. அங்கிருந்து ஆம்புக்கு 30 செ.மீ. நீளத்தில் 25 சதுர மி.மீ. கேபிள். 80 ஆம்பியர் ஃபியூஸுக்கு அந்தக் கேபிளும் தாங்கும் என்பதால் நடுவில் இன்னொரு ஃபியூஸ் தேவைப்படவில்லை.

லக்குகளை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையங்கள்) அறுகோண கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஓரத்தில் பசை பிதுங்கும்வரை சூடாக்க வேண்டும். சால்டர் மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது: அதிக சூட்டில் அது இளகும், சால்டர் ஊறி விறைத்த இடத்துக்கு அடுத்த முனையில் அதிர்வு இழைகளை ஒடிக்கும். ஸ்டட்டில் லக் நேராக அடித்தளத்தைத் தொட வேண்டும், வாஷர் எல்லாம் லக்குக்கும் நட்டுக்கும் இடையில். வாஷரை லக்குக்கு அடியில் போட்டால் முழு மின்னோட்டமும் ஸ்டீல் வாஷர் வழியாகப் போகும். அதிக ஆம்பியர் லக் கீழே. ஒரு ஸ்டட்டில் நான்குக்கு மேல் வேண்டாம். கேபிளை 45 செ.மீ.க்கு ஒரு கிளிப் வீதம் பிடித்து, அறைச்சுவரைத் தாண்டும் இடங்களில் ரப்பர் வளையம் போடப்பட்டது.

ஹெட் யூனிட்டின் நெகட்டிவும் ஆம்பின் நெகட்டிவும் அதே பஸ்பாருக்கு. பழைய தனி ஒயர் கழற்றி எடுக்கப்பட்டது. விட்டுவைத்தால் அடுத்து வரும் யாராவது அதில் எதையாவது மாட்டுவார். ரிமோட் ஒயர் ஹெட் யூனிட்டின் நீல-வெள்ளை ஒயருக்கு. அந்த ஒயர் தரும் மின்னோட்டம் மிகச் சிறியது; பிற்காலத்தில் இரண்டாவது ஆம்ப், மின்விசிறி என்று சேர்த்தால் நடுவில் ரிலே வைத்தே ஆக வேண்டும்.

பொருத்தும் இடம்

பழைய ஆம்ப் கன்சோலின் தரையில் படுத்திருந்தது, தண்ணீர் முதலில் வரும் இடத்தில். புதிய இடம் கன்சோலின் உட்சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேல். 12 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகையை வெட்டி, ஓரம் துளை எல்லாவற்றுக்கும் எபாக்ஸி பூசி, சுவரில் ஒட்டிய பிறகு ஆம்பை அந்தப் பலகையில் திருகலாம். நேராகச் சுவரில் திருகினால் திருகாணியின் மூக்கு மறுபுறம் எங்கே எட்டிப்பார்க்கும் என்று சொல்ல முடியாது. ஒயர்முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, ஒவ்வொரு கேபிளும் ஆம்புக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு எடுக்கும்படி விட்டால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

'மரைன்' என்று எழுதிய ஆம்புகளில் பலவற்றின் பொருள், உள்ளே சர்க்யூட் பலகைக்குப் பூச்சு இருக்கிறது, திருகாணி துருப்பிடிக்காது என்பதுதான். குழாயைப் பிடித்துக் கழுவலாம் என்பது அதற்குப் பொருளல்ல.

சூடு பற்றி: முழு ஓட்டத்தில் 20 விழுக்காடு, அதாவது 150 வாட் வெப்பம். சாதாரணப் பாட்டில் அதில் நாலில் ஒரு பங்கு இருக்கலாம். மூடிய கன்சோலில் அதுவும் தேங்கும். ஆம்பைச் சுற்றி 5 செ.மீ. இடைவெளியும், கன்சோலின் மேலும் கீழும் சரிவுத்தகடு போட்ட இரண்டு காற்றுத்துளைகளும் கொடுக்கப்பட்டன.

தீராத 'ஙொய்ங்'

புதிய ஒயரிங் முடிந்து எஞ்சினை ஓடவிட்டபோது, சத்தம் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. இரு நெகட்டிவும் ஒரே பஸ்பாரில், ஆர்.சி.ஏ. கேபிள் எதிர்ப்பக்கச் சுவரில், பவர் கேபிளைச் செங்குத்தாக ஓரிடத்தில் மட்டும் கடக்கிறது. பாடநூல்படி எல்லாம் சரி.

ஆம்பின் ஆர்.சி.ஏ. துளைகளில் குறுக்குச்சுற்றுச் செய்த பிளக்குகளைச் செருகினால் முழு அமைதி. ஆம்பிலும் அதன் மின்வழியிலும் குற்றமில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தால் சத்தம் திரும்பியது. மிஞ்சியது ஹெட் யூனிட். அதைக் கழற்றி, ஆர்.சி.ஏ.வின் வெளிவளையத்துக்கும் அதன் நெகட்டிவ் ஒயருக்கும் இடையே ஓம் அளந்தால், ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் பல கிலோஓம் காட்டியது. உள்ளே ஆர்.சி.ஏ.வின் நெகட்டிவைக் காக்கும் மெல்லிய தடம் எரிந்திருந்தது.

அதன் காரணமும் பழைய ஒயரிங்கே. பேனல் பட்டையில் ஆம்பின் நெகட்டிவைப் பிடித்திருந்த திருகாணி தளர்ந்திருந்தது. அது தொடர்பை இழக்கும் கணத்தில் ஆம்பின் மின்னோட்டம் திரும்பிப்போக வேறு வழி தேடும், கிடைப்பது ஆர்.சி.ஏ.வின் வெளிவலை. பத்துக்கணக்கான ஆம்பியரை அந்தத் தலைமுடித் தடம் தாங்காது. ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பின் நெகட்டிவைக் கழற்றினாலும் இதே கதிதான். ஹெட் யூனிட்டின் தடம் சரிசெய்யப்பட்டதும் சத்தம் நின்றது. ஆர்.சி.ஏ. வழியில் 'நாய்ஸ் ஃபில்டர்' டிரான்ஸ்ஃபார்மர் போட்டு இந்தச் சத்தத்தை மறைத்திருக்கலாம். பாஸும் கொஞ்சம் போயிருக்கும், எரிந்த தடமும் தெரியாமல் போயிருக்கும்.

ரேடியோ, திசைகாட்டி

கிளாஸ் டி ஆம்ப் நொடிக்கு லட்சக்கணக்கான முறை இணைத்துத் துண்டித்து வேலை செய்வது. அதன் அலைச்சிதறல் கேபிள்களில் ஏறி ரேடியோவை எட்டும். சோதனை எளிது. வி.எச்.எஃப்.-ஐ அமைதியான சேனலில் வைத்து, இரைச்சல் நிற்கும் விளிம்புவரை மட்டும் ஸ்கொல்ச்சை (பலவீனமான ஒலியைத் தடுக்கும் குமிழ்) திருப்பி, பிறகு ஆம்பை இயக்க வேண்டும். ரேடியோ இரையத் தொடங்கினால் குறுக்கீடு உறுதி. எல்.இ.டி. விளக்குகளால் வரும் ரேடியோ குறுக்கீட்டைக் கண்டறிய அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் வெளியிட்ட எச்சரிக்கையிலும் இதே முறைதான் சொல்லப்பட்டது.

இந்தப் படகில் ஆன்டெனா கேபிளும் ஆம்பின் பவர் கேபிளும் ஒன்றரை மீட்டர் தூரம் ஒரே டையில் கட்டப்பட்டிருந்தன. பிரித்து 40 செ.மீ. விலக்கியதில் பெரும்பகுதி தீர்ந்தது. ஆம்பின் மின்கேபிளிலும் ஸ்பீக்கர் ஒயர்களிலும், ஆம்பை ஒட்டி, ஃபெரைட் கிளிப்புகள் (அலைச்சிதறலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையங்கள்) மாட்டியதில் மீதியும் போயிற்று. சேனல் 16-இல் உதவி கேட்டு வரும் பலவீனமான குரல், இரைச்சலைத் தாண்ட ஸ்கொல்ச்சை ஏற்றிவைத்த ரேடியோவில் கேட்காது.

கன்சோலில் புதிதாக ஸ்பீக்கர் வைக்க நினைப்பவர்கள் திசைகாட்டியைக் கவனிக்க வேண்டும். துளை போடும் முன் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து அந்த இடத்துக்கு அருகே கொண்டுபோனால் போதும். முள் அசைந்தால் வேறு இடம். திசைகாட்டி பக்கமாகப் போகும் மின்கேபிள்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும்.

ஸ்பீக்கரும் கெய்னும்

அமரத்துக்குப் போகும் 1.5 சதுர மி.மீ. ஒயர் 6 மீட்டர், போகவர 12, தடை 0.14 ஓம். 2 ஓம் சுமைக்கு அது 7 விழுக்காடு. 2.5 சதுர மி.மீ. ஆக்கியதில் 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரிலும் 1.5 வோல்ட் செல்லைத் தொட்டுப் பார்த்ததில் ஆறில் ஒன்றின் கூம்பு உள்ளே இழுத்தது, பிளஸ்-மைனஸ் மாறியிருந்தது. திறந்தவெளியில் இந்த ஒரு தவறே பாஸில் பாதியைத் தின்றுவிடும், அதை ஈடுகட்ட எல்லோரும் கெய்னைத் திருகுவார்கள்.

கெய்ன் என்பது ஒலியளவுக் குமிழ் அல்ல. ஹெட் யூனிட் தரும் மின்னழுத்தத்துக்கு ஆம்பைப் பொருத்தும் குமிழ். ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஈக்வலைசர், லவுட்னெஸ் எல்லாம் அணைத்து, ஹெட் யூனிட்டை முக்கால் அளவில் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் (சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ்) ஆம்பின் வெளியீட்டை மாறுதிசை மின் (ஏ.சி.) வோல்ட்டில் அளக்க வேண்டும். இலக்கு, வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம்: அணியத்துக்கு 17.3 வோல்ட், அமரத்துக்கு 14.8, சப்வூஃபருக்கு 31.6. இவை எஞ்சின் ஓடும்போதைய எண்கள். நங்கூரத்தில் அதிகம் கேட்கும் படகு என்பதால் இங்கே இவற்றை ஆறில் ஒரு பங்கு குறைத்தே நிறுத்தினார்கள். இல்லையென்றால் 12 வோல்ட்டில் அலை உச்சி வெட்டப்பட்டு, உயர்ந்த சுருதிக்கான ட்வீட்டர்கள்தான் முதலில் சாகும். மீட்டர், வடிவம் மாறிய அலையையும் சரியாக அளக்கும் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' வகையாக இருக்கட்டும்.

6.5 அங்குல ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸ் (மேலுள்ள சுருதிகளை மட்டும் விடும் வடிகட்டி) 100 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு லோ-பாஸ் (கீழுள்ளவற்றை மட்டும் விடுவது) 80. பழைய அமைப்பில் வடிகட்டிகள் திறந்தே கிடந்தன. சின்ன ஸ்பீக்கர்கள் தங்களால் எழுப்ப முடியாத பாஸுக்காகப் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருந்தன.

மறுபடி அளந்தபோது

இணைக்கும் முன் கேபிளின் இரு முனைகளுக்கு நடுவே ஓம் பார்த்து, குறுக்குச்சுற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்கள். ஆம்பின் மின்தேக்கிகள் நிறைவதால் எண் மெல்ல ஏறும், அது இயல்பு. அதே காரணத்தால் முதல் தொடுதலில் ஒரு பொறி பறக்கும். அதனால் பெட்டிகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, பெட்ரோல் வாசனை இல்லை என்று முகர்ந்து பார்த்து, பேட்டரி ஸ்விட்ச் அணைந்த நிலையில் முனைகள் மாட்டப்பட்டன.

அதே 100 ஹெர்ட்ஸ் ஒலி, எஞ்சின் நின்ற நிலை. மின்னோட்டம் 45 ஆம்பியர். பேட்டரியில் 12.3 வோல்ட், ஆம்பில் 12.0. பாசிட்டிவ் பக்கம் 0.15, நெகட்டிவ் பக்கம் 0.12. விளக்கு அசையவில்லை. எல்லாம் அணைத்த நிலையில் பேட்டரியிலிருந்து கசிந்தது ஹெட் யூனிட்டின் நினைவகத்துக்கான சில மில்லியாம்பியர் மட்டும்.

ஒரு பருவம் கழித்து மறுபரிசோதனை. 35 சதுர மி.மீ. லக்குகளில் இரண்டு கால் திருப்பு இறுக்கம் வாங்கின. அதிர்வில் இது எதிர்பார்த்ததே. அமரத்து வலப்பக்க ஸ்பீக்கர் ஒன்று கரகரத்தது. ஒயர் சுத்தமாக இருந்தது. ஸ்பீக்கரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பத்து செ.மீ. வால்-ஒயர் வெள்ளீயம் பூசாத வெறும் செம்பு. உறைக்குள் இரண்டு அங்குலம் கறுத்திருந்தது. ஆறு ஸ்பீக்கர்களிலும் அந்த வாலை வெட்டி, பூச்சுள்ள ஒயரை நேராக முனைவரை கொண்டுபோய் முடித்தார்கள்.